இல்லை என்பதற்கு நிரூபணம்

ஜூலை 30, ஞாயிறு

மதியைப் பெண் கேட்டு இன்று வந்தார்கள். வந்தார்கள் என்றால் இரண்டே பேர். பையன் ஆசீர், நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். அவனுடைய அப்பா ஞானையா, பாளையங்கோட்டையில் ஒரு சபையின் போதகர். அம்மா சில வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். என் மகள் நிறைமதி கால்நடை மருத்துவர். ஆசீர் வீட்டுப் பூனைக்கு வைத்தியம் பார்க்கப் போய்த் தொடங்கிய பழக்கம். பையன் நல்லவன். எனக்கும் என் மனைவி செண்பகத்துக்கும் ஆட்சேபம் எதுவும் இல்லை.

ஆட்சேபம் காபி குடித்து முடித்தபிறகு வந்தது.

"கல்யாணம் சர்ச்சுல நடக்கணும்னா பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும் சார். அது சபையோட ஒழுங்கு" என்றார் போதகர்.

"என் மகளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நம்பாததை வாயால சொல்லமாட்டா. மண்டபத்துல மாலை மாத்தி, உறுதிமொழி சொல்லிக் கல்யாணம் நடக்கும். ஜெபம் கிடையாது" என்றேன்.

"நான் போதகர் சார். என் பையன் கல்யாணத்துல ஜெபம் கிடையாதுன்னா சபைல என்ன சொல்லுவாங்க?"

"இல்லாத ஒருத்தர்கிட்ட ஜெபிச்சு என்ன ஆகப்போகுது?"

"இல்லைன்னு நிரூபிங்க, பாப்போம்."

வாழ்நாள் முழுக்கப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? நான் எழுந்தேன். அவரும் எழுந்தார். செண்பகம் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதிதான் நடுவில் வந்தாள். "ரெண்டு பேரும் நிரூபிங்க. நாலு திங்கட்கிழமை. வசனம் சொல்லக்கூடாது, கோஷம் போடக்கூடாது, தர்க்கம் மட்டும்தான். கடவுள் உண்டுன்னு மாமா நிரூபிச்சா நான் ஞானஸ்நானம் எடுத்துக்கிடுதேன். இல்லைன்னு அப்பா நிரூபிச்சா மண்டபத்துல கல்யாணம். நான்தான் நடுவர்."

திங்கட்கிழமை ஏன் என்றால் போதகர்களுக்கு அன்றைக்குத்தான் ஓய்வாம்.

"ரெண்டு பேராலயும் முடியலேன்னா?" என்று ஆசீர் கேட்டான்.

"அந்தச் சந்தர்ப்பமே எழாது" என்றேன். போதகரும் அதே சமயத்தில் அதையேதான் சொன்னார்.

கிளம்பும்போது என் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சுடலைமுத்துன்னு பேரை வச்சுக்கிட்டு நாத்திகமா?"

"அது எங்கப்பா வச்ச பேரு. அதுக்கு நான் பொறுப்பில்ல."

ஆகஸ்ட் 2, புதன்

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினேன். பகுத்தறிவு மன்றத்தில் விஷயத்தைச் சொன்னேன். தோழர் மாசிலாமணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடிந்ததும் எழுதிக்கொடுங்கள், செப்டம்பர் கூட்டத்தில் வாசிக்கலாம் என்றார். எழுதிக்கொடுப்பேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

சரியாகச் சொன்ன நேரத்துக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஆறடி உயரம். நம் வீட்டு நாற்காலி அவருக்குச் சின்னது. செண்பகம் உளுந்தவடை சுட்டிருந்தாள்.

அவர் முதலில் பேசினார். எதுவும் காரணமில்லாமல் வருவதில்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் முன்னால் ஒரு காரணம். இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எங்கேயாவது நின்றாக வேண்டும். நிற்கிற இடம்தான் கடவுள். நன்றாகத்தான் சொன்னார். குரல் மேடைக்குப் பழகிய குரல்.

"ஐயா, கல்யாண மண்டபத்துல எல்லாரும் நாற்காலில உக்காந்திருக்காங்க. ஆளுக்கொரு நாற்காலி உண்டு. அதனால எல்லாரும் உக்காந்திருக்கிற ஒரே பெரிய நாற்காலி ஒண்ணு இருக்குன்னு சொல்லமுடியுமா?"

யோசித்தார். வடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"முடியாது."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் உண்டு, சரி. அதுக்காக எல்லாத்துக்கும் சேத்து ஒரே காரணம்னு எப்படி வரும்? அப்படியே ஒண்ணு இருந்தாலும் அது நல்லவரு, நாம பேசுறதைக் கேப்பாருன்னு எங்கேயிருந்து வந்துச்சு?"

"நாற்காலி நல்லாருக்கு சார்" என்றார். "நான் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல எடுத்துக்கிடட்டா?"

"யாருக்கு எதிரா?"

"எனக்கு எதிராத்தான்."

முதல் திங்கள் எனக்கு. மதி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்றேன். "எல்லாம் மனசுல இருக்குப்பா" என்றாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். கல்யாணத் தேதி தெரியாமல் எப்படி நாள் சொல்வது? விரைவில் தெரியும் என்றேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

இன்று அவர் வேறு பக்கமிருந்து வந்தார். "முதல் காரணத்தை விடுங்க. ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒண்ணு இருக்கு? இந்தக் கேள்விக்கு உங்க பதில் என்ன?"

"தெரியாது."

"தெரியாதுங்கிறது பதிலா சார்?"

"தெரியாதபோது அதுதான் சரியான பதில். தெரியாத இடத்துல ஒரு பேரை எழுதிவச்சுட்டா அது தெரிஞ்ச இடமாயிடாது."

மதி சிரித்தாள். போதகரும் சிரித்தார். பிறகு நிதானமாக ஒன்று சொன்னார். "சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா தெரியாதுன்னு சொல்றதுக்கும் இல்லைன்னு சொல்றதுக்கும் நடுவுல நெறைய இடம் கிடக்கு. நீங்க அதைத் தாண்டணும்லா."

தாண்டுவேன். அவர் தன் பக்கத்தை நிரூபிக்கவில்லை என்பது இன்றோடு முடிவாகிவிட்டது. என் பக்கம் மட்டும்தான் மீதி. கையில் ஒரு வாதம் இருக்கிறது. அதை நான் இதுவரை யாரிடமும் எடுத்ததில்லை, தேவைப்படவில்லை.

அவர் போனபிறகு மதி செண்பகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "புது மாட்டைக் கொண்டாந்து கட்டினா ரெண்டும் கொஞ்ச நாள் முட்டிக்கிட்டு நிக்கும்மா. பக்கத்துல பக்கத்துலயே கட்டிப்போட்டா சரியாயிடும்." ஏதோ பண்ணையில் பார்த்த வைத்தியம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

வாதம் நடக்கவில்லை. மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. போதகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நானும் வாரேன் என்று கிணற்றடிக்கு வந்தார். இருவரும் இருட்டும்வரை கழற்றி மாட்டினோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் செண்பகம் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க" என்றாள். என்ன ஒற்றுமையைக் கண்டாளோ.

என் லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். முழங்காலுக்குத்தான் வந்தது.

ஆகஸ்ட் 28, திங்கள்

வென்றுவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் சொன்னது இது: உங்கள் கடவுள் எல்லாம் வல்லவர். எல்லாம் அறிந்தவர். முழுக்க நல்லவர். அப்படி ஒருவர் இருந்தால், ஒரு நியாயமும் இல்லாத துன்பம் உலகத்தில் இருக்க முடியாது. ஆனால் இருக்கிறது. ஆகவே அவர் இல்லை.

"நியாயமில்லாத துன்பம்னா எதைச் சொல்லுதீங்க?" என்றார்.

ஒரு உதாரணம் சொன்னேன். ஒரு பையன். ஏழு வயது. ஐப்பசி மழையில் காய்ச்சல் வருகிறது. சாதாரணக் காய்ச்சல் என்கிறார்கள். மூன்றாம் நாள் கழுத்து விறைத்துப் போகிறது. மூளைக்காய்ச்சல். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் வராந்தாவில்தான் இடம் கிடைக்கிறது. பையன் வாய்ப்பாடு சொல்கிறான். பதினாறாம் வாய்ப்பாடு வரை அவனுக்குத் தெரியும். காய்ச்சல் வேகத்தில் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்கிறான். தப்பாகச் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரிகிறது. அதற்கு அழுகிறான். வலிக்காக இல்லை. தப்புக்காக. "இதுல என்ன நியாயம் இருக்கு? யாருக்கு என்ன பிரயோஜனம்? சொல்லுங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

போதகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனாள்.

"எங்கிட்ட பதில் இல்ல சார்" என்றார் அவர். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. கல்யாணம் மண்டபத்துலயே நடக்கட்டும்."

எழுந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இரண்டாவது டம்ளர் காபி அப்படியே இருந்தது.

உதாரணம் பொருத்தமாக அமைந்தது. ஒரு வாதத்தில் உதாரணம்தான் பாதி.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. செண்பகம் இன்று முழுவதும் பேசவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

பேசினாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"உதாரணம்னு சொன்னீங்களே. பேரைச் சொல்லியிருக்கலாம்லா."

பெயர் வாதத்துக்குத் தேவையில்லை என்றேன். சொன்னபிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. அவள் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி மீதியை நான் உரித்தேன்.

செப்டம்பர் 2, சனி

மன்றக் கூட்டத்துக்கு வாதத்தை எழுத உட்கார்ந்தேன். எண் போட்டு, வரிக்கு வரி, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி. ஒன்று, கடவுள் வல்லவர், அறிந்தவர், நல்லவர். இரண்டு, அப்படியானால் நியாயமில்லாத துன்பம் இருக்காது. மூன்று, நியாயமில்லாத துன்பம் இருக்கிறது.

மூன்றாவது வரியில் பேனா நின்றது.

நியாயமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தேடிப் பார்த்தேன். இருபத்துநான்கு வருடம் தேடினேன். கிடைக்கவில்லை. ஆகவே இல்லை.

ஒருமுறை தேர்வில் ஒரு பையன் எழுதியிருந்தான்: இருபது எண்களைப் போட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை, ஆகவே அப்படி ஓர் எண் கிடையாது. சிவப்பு மையில் முட்டை போட்டேன். அதோடு விடாமல் வகுப்பு முழுவதுக்கும் வாசித்துக் காட்டினேன். உனக்கு அகப்படாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது என்று பலகையில் எழுதவும் செய்தேன்.

மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். வேறு வழியில் ஒட்டுப்போட முடியுமா என்று பார்த்தேன். போடலாம், அப்போது அது 'பெரும்பாலும் இல்லை' என்று ஆகும். பெரும்பாலும் என்பது நிரூபணம் இல்லை.

ஒரு கடவுள் இப்படிச் செய்வார் என்று நான் நம்பத் தயாரில்லை. இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், உறுதியாகவே நினைக்கிறேன். நினைப்பது ஒன்று. நிரூபிப்பது வேறு.

செப்டம்பர் 3, ஞாயிறு

இது வேறு யாருக்கும் தெரியாது. போதகருக்கே தெரியவில்லை. சொன்னால் பேச்சு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மதிக்கு ஞானஸ்நானம் என்பார்கள்.

வெள்ளையடிக்கிறவர் வந்து தேதி கேட்டார். நாளை சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 4, திங்கள்

மாலையில் போதகர் வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்கு அடுத்தாற்போல் ஓட்டு வீடு. அவர் வாசலில் உட்கார்ந்து பூனைக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் வாதத்துல ஓட்டை இருக்கு" என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

"உக்காருங்க சார்."

"மூணாவது வரி. நியாயம் இல்லைன்னு நான் சொன்னது, நியாயம் எனக்குத் தெரியலைங்கிறதை வச்சுத்தான். நீங்க ரெண்டாம் திங்கக்கிழமை சொன்ன அதே நடு இடம். நான் அதைத் தாண்டல. தாண்டின மாதிரி பேசிட்டேன். நீங்க தோத்ததாச் சொன்னது செல்லாது."

அவர் பூனையைக் கீழே விட்டார். "தெரியும் சார்."

"எப்போ தெரியும்?"

"நீங்க சொன்ன அன்னைக்கே. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ளேயே தெரியும். நாங்களும் இதெல்லாம் படிச்சுத்தானே வாரோம்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். "அப்ப ஏன் சொல்லல? எனக்கு விட்டுக்குடுத்தீங்களா? நான் கேட்டேனா?"

"யார்கிட்ட சார் சொல்லச் சொல்லுதீங்க? நீங்க அன்னைக்கு வாதம் பண்ணல. உங்க பையனைப் பத்திச் சொன்னீங்க. மதிக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு ஆசீர் எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கான். ஒரு தகப்பன் பேசிக்கிட்டு இருக்கும்போது மூணாவது வரில தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் உட்கார்ந்தேன்.

அவர் பூனையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி செத்த அன்னைக்கு எங்க ஆளு ஒருத்தரே வந்து, இதுல தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும் ஐயான்னாரு. நானே எத்தனையோ வீட்டுல போய் அதைச் சொன்னவன்தான். அன்னைக்கு அவரை அடிச்சிருப்பேன். அதுக்கப்புறம் அந்த வார்த்தையை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. நோக்கம் இருக்குன்னு நான் நம்புதேன். இல்லைன்னு நீங்க சொல்லுதீங்க. ரெண்டு பேராலயும் காட்ட முடியாது."

"இளம்பரிதி" என்றேன்.

"என்ன சார்?"

"அவன் பேரு. இளம்பரிதி."

ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நன்றாக உச்சரித்தார். அந்தப் பெயரை வேறு ஒருவர் வாயில் கேட்டு எத்தனை காலம் ஆகிறது.

பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தேன். தீர்ப்பு செல்லாது, ஆகவே ஞானஸ்நானம் பற்றி மறுபடி பேசலாம் என்றேன். சொல்லத்தான் வேண்டும், சொன்னேன்.

"மனசுல இல்லாததை அந்தப் பிள்ளை வாயால சொல்லி எனக்கு என்ன ஆகணும்? அதுக்கு எனக்கு நிரூபணம் வேண்டாம் சார். மண்டபத்துலயே நடக்கட்டும்."

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே!"

"அன்னைக்கு எனக்கு உங்களைப் பிடிக்கல" என்றார்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவராக உன் தீர்ப்பு என்ன என்று கேட்டேன். "ரெண்டு பேரும் பெயில்" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் ஏன் என்று விளங்கவில்லை. தேதி அக்டோபர் 29. வெள்ளையடிக்கிறவருக்குச் சொல்லியாயிற்று.

மாசிலாமணியிடம் கட்டுரை தரமுடியாது, ஓட்டை இருக்கிறது என்றேன். ஓட்டையோடு கொடுங்கள், யார் கவனிக்கப்போகிறார்கள் என்றார். நான் கவனித்தேனே என்றேன்.

செப்டம்பர் 14, வியாழன்

ஆசீர் வந்திருந்தான். முகம் சரியில்லை. சபையின் கமிட்டியில் பிரச்சினையாம். மகனையே விசுவாசத்தில் நிறுத்தத் தெரியாதவர் எங்களை எப்படி நடத்துவார் என்று செயலர் பொன்னுதுரை கேட்கிறாராம். போதகரை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம்.

"அப்பா யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. உங்ககிட்ட முக்கியமாச் சொல்லாதேன்னாங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

சர்ச்சுக்குப் பக்கத்து அறை. நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். போதகர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யாரு?" என்றார் பொன்னுதுரை.

"பொண்ணோட அப்பா. சுடலைமுத்து."

"நீங்க விசுவாசியா?"

"இல்ல."

"அப்ப இங்க உங்களுக்கு என்ன வேலை?"

"சாட்சி சொல்ல வந்தேன்."

அந்த வார்த்தை அவர்களுக்குப் பழக்கமான வார்த்தை. யாரும் தடுக்கவில்லை. நான் வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

"உங்க போதகர் ஐயர் விசுவாசத்துல பலவீனம்னு சொல்லுதீங்க. அது சரியான்னு பாப்போம். கடவுள் இல்லைன்னு நிரூபிக்க நான் அவரோட நாலு திங்கக்கிழமை மல்லுக்கட்டினேன். அவர் ஜெயிச்சா என் மகள் ஞானஸ்நானம் எடுக்கணும், இதுதான் பேச்சு. கடைசி நாள் என் வாதத்துல ஒரு ஓட்டை. உங்க ஐயருக்கு அது தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொல்லி என்னை மடக்கியிருக்கலாம். அவர் சொல்லல. ஏன்னா நான் அப்போ செத்துப்போன என் மகனைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"என் துக்கத்துல கால் வச்சு ஏறி அவர் ஜெயிக்க விரும்பல. ஓட்டையைக் கண்டுபிடிச்ச பிறகுதான் அது எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு உங்க கடவுள்மேல நம்பிக்கை வரல, வராது. ஆனா இல்லைன்னு என்னால நிரூபிக்க முடியல. முடியலைன்னு இதுவரைக்கும் எந்த மேடையிலயும் நான் சொன்னதில்ல. இங்க வந்து சொல்லுதேன். அப்படி என்னைச் சொல்லவச்ச மனுஷனைப் பலவீனம்னு நீங்க எழுதி அனுப்பினா, அந்தக் கணக்குத் தப்பு."

பொன்னுதுரை, "பிள்ளை சபைல சேரலையே, அதுக்கு என்ன சொல்லுதீங்க?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள், மேசையின் அந்தக் கோடியில் இருந்த ஓர் அம்மாள் பேசினார். செல்லத்தங்கம் என்று பெயர், பள்ளி ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. "இந்த மாதிரிப் பேச்சுல ஜெயிச்சு வாங்கின பேரை ரிஜிஸ்தர்ல எழுதி நமக்கு என்ன ஆகணும் தம்பி? நம்ம வீட்டுச் சாவுக்கெல்லாம் ஐயர் வந்து பக்கத்துல உக்காந்தாரே, அப்போ எதுவும் கேட்டாரா?"

அதற்குப்பின் நெடுநேரம் பேசினார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். முடிவு: புகார் எழுதுவதில்லை. ஆனால் கல்யாணத்தைப் போதகர் நடத்திவைக்கக்கூடாது, அங்கி போட்டுக்கொண்டும் போகக்கூடாது, தகப்பனாகப் போகலாம். பொன்னுதுரைக்குத் திருப்தி இல்லை. அவர் வாழ்த்தவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை.

வெளியே வந்த போதகர், "நம்புதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் கைதட்டியிருப்பாங்க" என்றார்.

"பொய் சொல்ல நான் என்ன சாட்சியா?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன.

அக்டோபர் 28, சனி

மழை. மண்டபத்துக்கு இரண்டு முறை போய்வந்தேன். செண்பகம் ஆசீருக்கு எடுத்த சட்டை கொஞ்சம் பெரிது.

அக்டோபர் 29, ஞாயிறு

மதிக்குக் கல்யாணம் முடிந்தது. மாலை மாற்றினார்கள், உறுதிமொழி வாசித்தார்கள். மதி குரல் நடுங்காமல் வாசித்தாள். ஆசீர் ஓரிடத்தில் தடுமாறி மறுபடி வாசித்தான். மாசிலாமணி தலைமை. போதகர் வெள்ளைச் சட்டை, வேட்டியில் வந்திருந்தார். காலை ஆராதனையை முடித்துவிட்டு நேராக வந்தாராம். மேடையில் இரண்டு நிமிஷம் பேசினார். ஜெபிக்கவில்லை. பிள்ளைகள் சண்டை போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து போடவேண்டும், தூரத்தில் இருந்து போடக்கூடாது என்றார். கைதட்டினார்கள். செல்லத்தங்கம் டீச்சர் வந்திருந்தார். பொன்னுதுரை வரவில்லை.

செண்பகம் பட்டுச்சேலையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை என் பக்கத்தில் வந்து நின்று, "இளம்பரிதி இருந்தா இன்னைக்கு மாப்பிள்ளைக்குத் தோழனா நின்னிருப்பான்" என்றாள். ஆமாம் என்றேன். அவன்தான் பந்தியைக் கவனித்திருப்பான் என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் அவனைப் பற்றிப் பேசினோம், மண்டபத்தின் நடுவில், நாதஸ்வரச் சத்தத்தில்.

பந்தியில் நானும் போதகரும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். எதிர்வரிசை முழுக்க மன்றத்துத் தோழர்கள். இலை போட்டு, சோறு வைத்து, பருப்பு ஊற்றியதும் அவர்கள் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். போதகர் கையைக் கோர்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. அவர் வழக்கமாகவே அவசரப்படாதவர்.

எனக்கு நல்ல பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சோற்றில் வைத்த கையை எடுத்தேன். மாசிலாமணி எதிரிலிருந்து பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். சாம்பார் வாளியோடு வந்தவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினேன்.

போதகர் கண்ணைத் திறந்தார். என் இலையைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, நீங்களும் ஜெபிச்சீங்களா?"

"இல்ல. நீங்க முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றேன்.